கழற்றிய மூட்டுகள் சொல்வது

மறு அறுவை சிகிச்சையில் கழற்றி எடுத்த செயற்கை இடுப்பு மூட்டுகளைச் சோதிப்பதுதான் என் வேலை. கிருமி நீக்கி, உறையில் போட்டு, பொருத்திய வருடமும் கழற்றிய காரணமும் எழுதிய தாளோடு எங்கள் ஆய்வகத்துக்கு வரும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் உடைந்த உலோகத்தை எதிர்பார்த்து உறையைப் பிரிப்பார்கள். பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. தொடை எலும்புக்குள் இருந்த தண்டு புதுசு போலவே இருக்கும். பிறகு ஏன் கழற்றினார்கள்? பல மூட்டுகளில் அதற்கான விடை, இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில்தான் கிடைக்கிறது.

"டைட்டானியம்தானே, ஆயுசுக்கும் வருமே?" என்று தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. டைட்டானியத்தை எலும்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். விறைப்பும் கோபால்ட்-குரோமியம் என்ற கலப்புலோகத்தில் ஏறக்குறைய பாதிதான், அதனால் சுற்றியிருக்கும் எலும்புக்கும் சுமையில் பங்கு போகும். தண்டுக்கு அருமையான உலோகம். ஆனால் தண்டின் நுனியில் இருந்து கிண்ணத்துக்குள் உராயும் பந்துக்கு ஆகாது, சீக்கிரம் கீறல் விழுந்துவிடும். அதனால் பந்தைக் கோபால்ட்-குரோமியத்திலோ செராமிக்கிலோ செய்து, எதிரே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கை வைக்கிறார்கள். மூட்டு எத்தனை வருடம் உழைக்கும் என்பதில் இந்த ஜோடிக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1958-இல் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். வழுக்கலில் அதற்கு ஈடில்லை, ஆனால் சில வருடங்களிலேயே தேய்ந்துபோனது. 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைய மூட்டுகளில் பெரும்பாலானவை அந்த முடிவின் வாரிசுகள்தான்.

பழைய வகை பாலிஎத்திலீன் வருடத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். கேட்க அற்பமாக இருக்கும். அந்தத் தேய்மானம் எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். உதிரும் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. உடலின் காவல் செல்கள் அவற்றை விழுங்கும், செரிக்க முடியாது. அப்போது அவை வெளிவிடும் ரசாயனங்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. மூட்டைச் சுற்றி எலும்பு குறைந்துகொண்டே போய், கடைசியில் பிடிப்பு விட்டுப்போகும். பிளாஸ்டிக் முழுதாகத் தேய்ந்து தீர்வதற்கு வெகு முன்பே எலும்பு போய்விடுகிறது. இது நடக்கும்போது வெகு நாள் வலியே இருக்காது. எக்ஸ்-ரேயில்தான் தெரியும்.

பழைய பிளாஸ்டிக் உறைகளை மெல்லிய சீவலாக வெட்டினால், சிலவற்றில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். முதன்முதலாகப் பார்த்தபோது அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் காற்று இருக்கும் பொட்டலத்திலேயே காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்குவார்கள். கதிர் அறுத்த மூலக்கூறுகளோடு ஆக்சிஜன் சேர, பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளேயே நொறுங்கத் தொடங்கும். 1990-களின் கடைசியில் அதே கதிரை இன்னும் கூடுதலாகப் பாய்ச்சி மூலக்கூறுகளைக் குறுக்காகப் பிணைத்து, அப்புறம் சூடாக்கி, மிச்சமிருக்கும் வினைத்துடிப்பை அடக்கும் முறை வந்தது. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. என்னைக் கேட்டால், இத்துறையின் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டுகளும், நடையைப் போலவே மூட்டை இயக்கிச் சோதிக்கும் சிமுலேட்டரில் நன்றாகவே ஓடின. தேய்ந்த அளவு மிகக் குறைவு. ஆனால் துகள்கள் நானோ அளவு, எண்ணிக்கையோ ஏராளம். கிண்ணம் செங்குத்தாகப் பொருந்தியவர்களிடம் விளிம்பில் உராய்வு கூடியது, ரத்தத்தில் கோபால்ட் ஏறியது, சுற்றியிருந்த சதை கெட்டது. அப்படிப்பட்ட ஒரு பெரிய மாடல் 2010-இல் உலகமெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அந்த மூட்டுகளைச் சுமந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனைதான். செராமிக்கின் குணம் வேறு. கீறாது, மிகக் குறைவாகவே தேயும். அபூர்வமாக நொறுங்கினால் சில்லுகளை முழுதாக எடுப்பது கடினம், அதன்பின் உலோகப் பந்து போட்டால் மிச்சமிருக்கும் சில்லுகள் அதை அரைத்துவிடும்.

2019-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குவதாகக் கணித்தது. அந்த ஆய்வில் அத்தனை காலம் கடந்தவை எல்லாம் பழைய பொருட்களால் ஆனவை. இன்று பொருத்துகிறவை இன்னும் நன்றாக உழைக்கும் என்றே நம்புகிறேன்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: மூட்டின் மாடல், அளவு, பொருள் எழுதிய ஸ்டிக்கரையோ அட்டையையோ பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்டில் பந்து உட்காரும் கழுத்துக் கூம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எந்த மாடல் என்று தெரியாவிட்டால், பந்தையும் உறையையும் மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையிலும், எலும்போடு உறுதியாக ஒட்டியிருக்கும் நல்ல தண்டை வெட்டியெடுக்க வேண்டி வரலாம்.