ஏரிக்கரையில் எடுத்த படம்

ஆப்பிரிக்க நாடான மலாவியின் மங்கோச்சி மாவட்டத்தில், ஏரியை ஒட்டிய ஊர் ஒன்றில், உள்ளூர் மாணவர்களுக்கு உடல்நலப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். எடுத்துக்கொண்ட நோய் பில்ஹார்சியா; தண்ணீரில் இறங்குவோரின் தோல்வழியே நுழையும் புழுவால் வருவது. சிச்சேவா மொழியில் அதற்கு லிகோட்சோ என்று பெயர்.

நான் எழுதிக் கொண்டுபோன திரைக்கதை 'ஏரியில் இறங்காதீர்கள்' என்று முடியும். வாசித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்புறம் அம்மா துணியை எங்கே துவைப்பார்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று மாலை ஒரு மாணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். சிறுவயதில் அவனுக்குச் சிறுநீரில் ரத்தம் போயிருக்கிறது. கூட விளையாடிய பையன்களுக்கும் அப்படித்தான். இந்த நோயின் அறிகுறியான அதை, பெரியவனாவதற்கு அடையாளம் என்று நினைத்து வீட்டில் சொல்லவே இல்லையாம். சரி, படம் இங்கேதான் தொடங்க வேண்டும் என்று என் திரைக்கதையை மூடி வைத்தேன்.

நான் கற்றுக்கொடுத்தது கைவேலை மட்டுமே. பளபளக்கும் ஏரியைப் பின்னால் வைத்து உச்சிவெயிலில் எடுத்தால் கருத்த முகங்கள் வெறும் நிழலாகிவிடும். வெளிச்சத்தை முகத்துக்குத்தான் அளக்க வேண்டும். ஏரிக்காற்று மைக்கில் இரையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அவர்களுடையது. சிறுநீரோடு தண்ணீரில் சேரும் புழுவின் முட்டை பொரிந்து, நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து மனிதத் தோலைத் துளைத்து நுழைகிறது. இதைப் படம் வரைந்து காட்டலாம் என்றேன். அவர்களோ கையுறை போட்டுக்கொண்டு, கரையோரச் செடியில் ஒட்டியிருந்த நத்தையையே கிண்ணத்தில் எடுத்து வந்தார்கள்.

பள்ளியில் இந்தப் புழுவைக் கொல்லும் பிரசிகுவாண்டல் மாத்திரை கொடுக்கும்போது, குறியிட்ட கோலின் அருகே பிள்ளையை நிறுத்தி, உயரம் பார்த்து மாத்திரையை எண்ணிக் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், தலை சுற்றும். அதைப் பார்த்துப் பயந்த தாய், அடுத்த முறை மாத்திரை நாளில் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவிடுவாள். அதனால் ஒரு சிறுமி மாத்திரைக்கு முன் பாலா என்னும் சோளக்கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை கேமராவை நகர்த்தாமல் வைத்தார்கள். நீளம், வெட்டுங்கள் என்றேன். மறுத்துவிட்டார்கள். முடிந்த படத்தில் 'இறங்காதீர்கள்' என்ற பேச்சே இல்லை. தண்ணீரில் சிறுநீர் கழிக்காதீர்கள், மாத்திரையை விடாதீர்கள், அவ்வளவுதான்.

பள்ளிச் சுவரில் வெள்ளைத் துணி கட்டித் திரையிட்டோம். அந்தப் பக்கம் யாவோ மக்கள் அதிகம். முன்வரிசைப் பாட்டிகளுக்குச் சிச்சேவா சரியாகப் பிடிபடவில்லை என்று கண்டு, ஒரு மாணவன் திரையருகே போய் நின்று அவர்களுடைய சியாவோ மொழியில் சொல்லத் தொடங்கினான். கஞ்சிக் காட்சி வந்ததும் ஒரு பாட்டி கையைத் தூக்கினார். எவ்வளவு கஞ்சி கொடுக்க வேண்டும் என்று கேட்டாராம். அவன் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.