யுன்னான் சென்ற மலாயா லோரி ஓட்டுநர்கள்

பினாங்குக் கொடிமலைக்குப் போகும் வழியில், ஆயர் ஈத்தாமில் 1951இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூணை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஜப்பானியர் ஆட்சியில் மாண்ட சீனர்களோடு, போர்ச் சரக்கு ஏற்றிச் சென்று உயிரிழந்த லோரி ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் உரிய தூண் அது.

சீனாவின் முக்கியத் துறைமுகங்கள் ஜப்பானியர் வசமான நிலையில், 1939இல் சிங்கப்பூர்ச் சீனத் தொழிலதிபரும் சமூகத் தலைவருமான டான் கா கீ விடுத்த அழைப்பை ஏற்று மலாயா, சிங்கப்பூர் முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 3,200 பேர் தென்மேற்குச் சீன மாநிலமான யுன்னானுக்குச் சென்றார்கள். பர்மாவின் ரங்கூன் துறைமுகத்தில் இறங்கிய ஆயுதங்களும் எரிபொருளும் ரயிலில் வட பர்மாவின் லாஷியோ வரை வரும். அங்கிருந்து யுன்னான் தலைநகர் குன்மிங் வரையிலான சுமார் 1,150 கிலோமீட்டர் மலைச்சாலையில் அவற்றைக் கொண்டு சேர்த்தவர்கள் இவர்கள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். மழைக்காலச் சேற்றில் சக்கரம் வழுக்கினால் லோரியோடு ஆளும் போக வேண்டியதுதான். பாலங்களைக் குறிவைத்து விமானங்கள் குண்டு வீசின. மலேரியாவும் பலரைக் கொண்டுபோயிற்று. 1,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த நம்மவர்களை நினைத்து நெஞ்சு கனக்கும் நாம், இவர்களையும் அதே மரியாதையோடு அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1942 மே மாதம் இச்சாலையில் இருந்த சால்வீன் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்டதும் சாலை துண்டிக்கப்பட்டது. மலாயாவும் அப்போது ஜப்பானியர் கையில் இருந்ததால், வேலையிழந்தவர்களுக்கு ஊர் திரும்பவும் வழியில்லை. பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் போர் முடிந்த பின், 1946இல்தான் திரும்பினார்கள். மற்றவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.