ரோட்டுக்கு வடக்கே ஒரு எண்ணெய் மில்

எங்கள் வீடு பேரூராட்சியில் இருக்கிறது. அம்மா வீடு ரோட்டுக்கு வடக்கே, ஊராட்சியில். நடுவில் இருபது அடித் தார் ரோடு, அவ்வளவுதான். வீட்டு வரி கட்டப் போகும்போது தவிர இந்த வித்தியாசம் ஞாபகத்துக்கே வந்ததில்லை. 2023இல் எண்ணெய் மில் போடக் கிளம்பியபோதுதான் அந்த இருபது அடியின் விலை தொண்ணூறாயிரம் ரூபாய் என்று தெரிந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஈத்தாமொழிப் பக்கத்துக்காரர்களுக்குத் தென்னையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பருப்பு கனமாக இருக்கும், எண்ணெயும் நன்றாகக் காணும். ஆனால் நாங்கள் செய்துகொண்டிருந்தது என்ன? தேங்காயை வியாபாரி சொன்ன விலைக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு, வெளிச்செண்ணெயை, அதாவது தேங்காய் எண்ணெயை, கடையில் பாக்கெட்டில் வாங்கிக்கொண்டிருந்தோம். இது எனக்கு வருஷக்கணக்காக உறுத்திக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் வளைகுடா வேலையை விட்டு வந்தபிறகு, சரி, பார்ப்போம் என்று நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த அலுவலர் என்ன தயாரிக்கப் போகிறேன், எந்த இடத்தில், யார் பெயரில் என்று மூன்றே கேள்விதான் கேட்டார். முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது. எங்கள் வீட்டுப் பின்பக்க ஷெட் என்றதும், "பேரூராட்சியா, ஊராட்சியா?" என்றார். பேரூராட்சி என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். ஊரில் எல்லோரும் பிஎம்இஜிபி என்பார்கள். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு அப்போது கிராமத்தில் 35 சதவீதம் மானியம், நகரத்தில் 25. பொதுப் பிரிவினருக்கு அதுவே 25, 15. பஞ்சாயத்து ராஜ் அமைப்பின்கீழ் வருவது கிராமம், மற்றதெல்லாம் நகரம். ஐம்பதுக்கு மேல் பேரூராட்சிகள் இருக்கிற நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. வாழையும் தென்னையும் குளமுமாக இருக்கிற இடமெல்லாம் காகிதத்தில் நகரம்! என் திட்டம் ஒன்பது லட்சம். கிராமம் என்றால் மானியம் 3,15,000, நகரம் என்றால் 2,25,000. "அம்மா, உங்க அம்மா வீட்ல ஷெட் இருக்கா?" என்று அவரே கேட்டார். இருந்தது. முந்தி மாடு கட்டியிருந்த தொழுவம்.

இடம் முடிவானதும் பெயர்ப் பிரச்சினை தொடங்கியது. ஆதாரில் என் பெயருக்கு முன்னால் வீட்டுக்காரரின் இனிஷியல், பான் கார்டில் அப்பாவின் இனிஷியல். தொழுவம் இருக்கும் நிலம் அம்மா பெயரில், அதன் வரி ரசீது செத்துப்போன தாத்தா பெயரில். இதையெல்லாம் ஒரே வரிசையில் கொண்டுவரவே இரண்டு மாதம் ஆனது. இந்த வேலையை முதலில் முடித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். நான் தலைகீழாகச் செய்து ஒவ்வொரு மேசையிலும் அதே விளக்கத்தைச் சொன்னேன். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் வீட்டில் இருந்தே போட்டுவிடலாம். அதற்கு ஒரு இடத்தில் என்னிடம் 1,500 ரூபாய் கேட்டார்கள்.

திட்ட அறிக்கையில் நான் செய்த தப்பு, மெஷின் கொட்டேஷனை ஜிஎஸ்டி இல்லாமல் வாங்கியது. எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர், கொப்பரை வெட்டும் மெஷின், ஃபில்டர் என்று கூட்டி வைத்திருந்த கணக்கு, வரி சேர்ந்ததும் இடித்தது. நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது என்பதும் அப்போதுதான் தெரியும்.

அப்புறம் வங்கி. எந்த வங்கி என்று சொல்லவில்லை. தொழில் மையம் விண்ணப்பத்தை அனுப்பி வைக்கும், அவ்வளவுதான். பணம் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. மானியம் அரசு தருகிறதே, வங்கிக்கு என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு போனேன். நாலு தடவை நடந்தபிறகு, "பத்திரம் ஏதாவது வைக்க முடியுமா?" என்று கேட்டார்கள். பத்து லட்சம் வரையான சிறுதொழில் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது அன்றைக்கு ரிசர்வ் வங்கியின் விதி. அதைத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு போய்ச் சண்டை போடாமல், "அதை எழுத்தில் தந்துடுங்க சார்" என்று மட்டும் சொன்னேன். எழுத்தில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஃபீல்டு ஆபீசர் தொழுவத்தைப் பார்க்க வந்தார். ஐந்தாவது மாதம் கடன் அனுமதியானது. என் பங்கு ஐந்து சதவீதம், 45,000 ரூபாய். வளையல் போனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பக்கத்து வீட்டில் இன்றும் நான் மூன்று லட்சம் சும்மா வாங்கியதாகத்தான் பேச்சு. மானியம் கைக்கு வராது. வங்கியிலேயே என் பெயரில் மூன்று வருஷம் வைப்புத்தொகையாகக் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது, கடனில் அந்த அளவுக்கு வட்டியும் போட மாட்டார்கள். மூன்று வருஷம் மில் ஒழுங்காக ஓடியதா என்று வந்து பார்த்தபிறகுதான் கடனில் கழிப்பார்கள். இடையில் பூட்டிவிட்டால் போச்சு. மானியம் வங்கிக்கு வருவதற்கு முன்னால் பத்து நாள் தொழில்முனைவோர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். வட்டிக் கணக்கு போடுவதைத் தவிர அங்கே எனக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்களில் தேன் பெட்டி வைத்திருந்த மார்த்தாண்டம் அண்ணன் ஒருவர் மட்டும் இன்றைக்கும் போனில் பேசுவார்.

ஈபி கதை தனி. என் மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து பத்தரை ஹெச்பி. கிலோவாட்டில் எட்டுக்குக் கீழே. 12 கிலோவாட்டுக்குள் இருக்கும் குறுந்தொழிலுக்குக் குறைந்த கட்டண வகை இருக்கிறது, உத்யம் சான்று காட்டினால் போதும் என்று படித்துவிட்டுத் தெம்பாக இருந்தேன். வயரிங் செய்த தம்பி, "அக்கா, மூணு ஹெச்பியும் அதுக்கு மேலயும் உள்ள மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் போடணும், இல்லன்னா பாஸ் பண்ண மாட்டாங்க" என்றான். போட்டோம். பார்க்க வந்தவர் மோட்டாரைப் பார்த்தார், கெப்பாசிட்டரைப் பார்த்தார், எர்த் கம்பியை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் வாசலில் நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். "இது என்னம்மா?"

"எண்ணெய் பாட்டில் வைக்க, சார்."

"விக்கப் போறீங்களா? அப்போ கடை. கடைன்னா வணிகக் கட்டணம்."

ஒரு அலமாரி மொத்த மில்லையும் கடையாக்கிவிடும் என்று யாருக்குத் தெரியும்? வாதாடிப் பார்த்தேன். அவர் தன் விதியைச் சொன்னார், அதில் தப்புச் சொல்லவும் முடியவில்லை. அன்று சாயங்காலமே நானும் வீட்டுக்காரரும் அலமாரியைத் தூக்கி ரோட்டைக் கடந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். தயாரிப்பு ஊராட்சியில், விற்பனை பேரூராட்சியில். அங்கே சின்னதாக ஒரு கடை இணைப்பு தனியாக வாங்கினேன்.

தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் வருஷா வருஷம் முத்திரை வாங்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் இணையத்தில் போட்டேன், சிக்கல் இல்லை, பதினான்கு இலக்க எண் வந்தது. சிக்கல் வந்தது லேபிளில்தான். நாகர்கோவிலில் டிசைன் போட்டுத் தந்தவர் முழங்கால் வரை கூந்தல் உள்ள ஒரு பெண்ணின் படத்தைப் போட்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது குழம்புக்கா, தலைக்கா?" என்றார். ரெண்டுக்கும்தான் என்றேன், நம் ஊரில் வேறு எப்படி? "லேபிள்ல ரெண்டும் முடியாது. தலைக்குன்னா அழகுசாதனப் பொருள், அதுக்கு வேற உரிமம், வேற வரி." அன்றைக்குச் சமையல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், தலை எண்ணெய்க்கு 18. இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், சின்ன பாட்டிலில் விற்கும் தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெய்தான், தலைக்கென்று தனியாக லேபிள் போட்டு விற்றால்தான் தலை எண்ணெய் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நான் அதற்கு வெகு முன்பே கூந்தல்காரியைக் கழற்றிவிட்டு ஒரு தென்னை மரத்தைப் போட்டுவிட்டேன். அச்சடித்து மிச்சமிருந்த ஆயிரத்து இருநூறு லேபிள்களின் பின்பக்கத்தில் என் மகன் கணக்குப் போட்டுப் பழகுகிறான்.

அதே லேபிளில் அளவை மில்லியிலும் கிராமிலும் போட வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ வராது, 910 கிராமை ஒட்டித்தான் நிற்கும். இதை விளக்காமல் விட்டால் முதல் வாடிக்கையாளரே வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, குறைவாகத் தருகிறாய் என்று வந்து நிற்பார். எனக்கு வந்து நின்றது என் சித்தி.

கடைசியாக மாட்டிக்கொண்டது ஊர்க்காரர்களிடம். சமையல் எண்ணெயை அளந்து சில்லறையாக ஊற்றி விற்கக் கூடாது, பாக்கெட்டிலோ பாட்டிலிலோ அடைத்துத்தான் விற்க வேண்டும். மேலத்தெருப் பாட்டி ஒருத்தி காலி பிராந்தி பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வாரா வாரம் வருவாள். "மக்களே, கால் லிட்டர் ஊத்து." முடியாது என்று சொன்னால் அவளுக்குப் புரியவில்லை. எண்ணெய் பீப்பாயில் இருக்கிறது, பாட்டில் கையில் இருக்கிறது, நடுவில் என்ன தடை? இரண்டு வாரம் கோபித்துக்கொண்டு வரவே இல்லை.

இப்போது சனிக்கிழமை காலையில் கூலிக்கு ஆட்டித் தருகிறேன். பாட்டி தன் வீட்டு முற்றத்தில் காயப்போட்ட கொப்பரையை ஒரு சாக்குப் பையில் போட்டுக் கொண்டுவருவாள். ஆட்டி முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து எக்ஸ்பெல்லரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொப்பரை அவளுடையது, எண்ணெய் அவளுடையது, பாட்டிலும் அவளுடையது. லேபிள் வேண்டாம். பிண்ணாக்கையும் ஒரு துண்டு விடாமல் பொறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விடுவாள்.