லூகர் அசல், உறை போலி: ஒரு 03 லைசென்ஸ்காரரின் புலம்பல்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். 1939-இல் மவுசர் தொழிற்சாலையில் செய்த லூகர் பி.08 என்ற ஜெர்மன் ராணுவ பிஸ்டல் ஒன்று ஒருவழியாக என் கைக்கு வந்துவிட்டது. துப்பாக்கி சுத்தமான அசல். அதோடு சேர்த்து அசல் என்று சொல்லித் தலையில் கட்டிய தோலுறையும் இரண்டாவது மேகசினும் (தோட்டாக்கூடு) போலி. அவற்றுக்கான பணத்தைச் சண்டை போட்டுத் திரும்ப வாங்கிவிட்டேன் என்றாலும் எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் சிலர் "எப்படி வாங்கினாய், என்னென்ன செய்ய வேண்டும்" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது ஒஹாயோவில். இங்கே மாநில அளவில் துப்பாக்கிப் பதிவு என்று தனியாக ஒன்றும் இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சியில் இருப்பவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மாநிலச் சட்டம் வேறு, அதுவும் கடுமையானது.

எச்1பி-யில் இருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே இங்கே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் எடுத்தால் விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் எண்பது வருடப் பழைய பிஸ்டலுக்காகக் கிரீன் கார்டு வரிசையைப் பணயம் வைப்பார்களா? நான் கிரீன் கார்டு வந்து, பரபரப்பெல்லாம் ஓய்ந்த பிறகுதான் விண்ணப்பித்தேன்.

லைசென்ஸைப் பற்றிச் சுருக்கமாக. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏ.டி.எஃப் கொடுக்கும் லைசென்ஸ்களில் 03 வகை என்பது சேகரிப்பாளர்களுக்கானது. ஐம்பது வருடத்துக்கு மேலான, உருமாறாத துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வீட்டுக்கே வரவழைக்கலாம். மூன்று வருடத்துக்கு 30 டாலர். விண்ணப்பிக்க 7/7 சி.ஆர் படிவம். இந்த வகைக்குக் கைரேகையும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். வாங்கி விற்றுக் காசு பார்க்க இந்த லைசென்ஸ் செல்லாது. அதற்கு டீலர் லைசென்ஸ் வேண்டும்.

படிவத்தின் ஒரு பிரதியை உள்ளூர்க் காவல் தலைமைக்கு அனுப்ப வேண்டும். தபாலில் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கையில் கொடுத்துச் சீல் வாங்கினால் பாதுகாப்பு என்று ஒருவர் சொன்னதால் நேரில் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கெல்லாம் நாங்கள் பர்மிஷன் கொடுப்பதில்லை" என்றார். "பர்மிஷன் கேட்கவில்லைம்மா, தகவலுக்காக ஒரு பிரதி, வாங்கி வைத்துக்கொண்டால் போதும்" என்றேன். "அப்படியானால் நாங்கள் ஏன் வாங்க வேண்டும்?" என்றார். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருந்த குறிப்பைக் காட்டினேன். "அது உங்களுக்கான குறிப்பு" என்று தள்ளிவிட்டார். அப்புறம் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அனுப்பினேன் என்பதுதான் நம் பொறுப்பு. அவர்கள் சம்மதம் யாருக்கும் தேவையில்லை. நேரில் போகாதீர்கள்.

அடுத்தது நம் ஊர்ப் பெயர்ப் பிரச்சினை. கிரீன் கார்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது, டிரைவிங் லைசென்ஸில் என் பெயரின் வால் வெட்டுப்பட்டிருக்கிறது. ஏ.டி.எஃப்-இன் லைசென்ஸ் மையம் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கிறது. அங்கிருந்து ஓர் அதிகாரி போனில் கூப்பிட்டு, இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டார். பொறுமையாகக் கேட்டுத் திருத்திக்கொண்டார். இந்தக் கதையில் நான் குறை சொல்ல முடியாத ஒரே அரசு ஊழியர் அவர்தான். முடிவெடுக்கச் சட்டம் அவர்களுக்கு 60 நாள் கொடுக்கிறது, அதற்குள் வந்துவிட்டது.

லைசென்ஸ் கையில் வந்ததும் பக்கத்து ஊர்க் கடைக்குப் போனேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்ப்ரீவெர்க் என்ற நிறுவனம் செய்த பி.38, அதாவது லூகருக்கு அடுத்து வந்த ஜெர்மன் ராணுவ பிஸ்டல், ஒன்று இருந்தது. ஸ்ப்ரீவெர்க் துப்பாக்கிகளின் மேல் கடைசல் கோடுகள் அப்பட்டமாகத் தெரியும். அவசரத்தில் செய்தவை. எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும். லைசென்ஸ் நகலை நீட்டினேன். "இது டீலர் லைசென்ஸ் இல்லையே" என்றார் விற்பனையாளர். இல்லைதான், ஆனால் இந்த வகைத் துப்பாக்கிக்கு இது போதும், வழக்கமான படிவமும் பின்னணிச் சோதனையும் தேவையில்லை என்றேன். முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி, "சட்டம் எப்படியோ, என் கடையில் எல்லோரும் படிவம் நிரப்பித்தான் வாங்க வேண்டும்" என்றார். கடைக்காரருக்கு அந்த உரிமை உண்டு, வாதாடிப் பயனில்லை. விலையும் அதிகம் என்பதால் கிளம்பி வந்துவிட்டேன். பணம் கட்டுவதற்கு முன்பே "03 லைசென்ஸை ஏற்பீர்களா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வால்தர் தொழிற்சாலை செய்த பி.38-ஐ நான் தேடுவதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போரின் பிற்பகுதியில் நோயங்காமே வதைமுகாமின் கைதிகளை வைத்து அந்த நிறுவனம் ஆயுத வேலை வாங்கியது. மற்ற தொழிற்சாலைகளின் கை மட்டும் சுத்தமா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனாலும் அந்த ஒன்றைத் தெரிந்தே எடுத்து அலமாரியில் வைக்க மனம் வரவில்லை.

கடைசியில் வேறு மாநிலத்தில் ஒரு பழம்பொருள் துப்பாக்கி வியாபாரியிடம் இந்த லூகர் கிடைத்தது. தோட்டா அறையின் மேல் 1939 என்று ஆண்டு. டாகிள் என்னும் மேல்மூட்டின் மேல் 42, அதாவது மவுசரின் குறியீடு. "எல்லா எண்ணும் ஒத்துப்போகும், அசல் உறை, இரண்டு மேகசினும் அதனுடையவையே" என்று விளம்பரம். லூகர் சேகரிப்பவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு பெரியது என்று தெரியும். ராணுவ லூகரில் முழு எண் துப்பாக்கியின் சட்டகத்தின் (ஃப்ரேம்) முன்பக்கம் இருக்கும், கீழே ஓர் ஆங்கிலச் சிற்றெழுத்து. பக்கத்தகடு, டிரிகர், சேஃப்டி, சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், ஏன் கைப்பிடி மரத்தின் உட்புறம் வரை கடைசி இரண்டு இலக்கத்தைக் குத்தியிருப்பார்கள். ஒன்று மாறியிருந்தாலும் விலை சடாரென்று இறங்கும். மேகசினின் அலுமினிய அடியிலும் முழு எண் இருக்கும். உபரி மேகசினில் அதோடு ஒரு கூட்டல் குறி. துப்பாக்கியும் இரண்டு மேகசினும் பிரியாமல் கிடைப்பது அபூர்வம்.

போட்டோ கேட்டேன். துப்பாக்கிக்கு அருமையான போட்டோக்கள் வந்தன. உறையின் பின்பக்கமும் மேகசின் அடியும் மட்டும் கலங்கலாக வந்தன. திரும்பக் கேட்டால், "கேமரா அப்படித்தான், மூன்று நாள் பார்த்துத் திருப்பலாம்" என்றார்கள். கலங்கலான போட்டோ தற்செயல் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். நல்லவேளை, அந்த மூன்று நாள் பேச்சு மின்னஞ்சலில் இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை போட்டுப் பில் கேட்டதும் பின்னால் உதவியது.

பார்சல் வந்த கதை தனி. கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்பதால் கிடங்கில் போய் எடுக்கச் சொன்னார்கள். வியாபாரி லைசென்ஸில் கடைசியாக இருந்த பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். அது என் அப்பா பெயர். தீபாவளிக்கு ரோல் கேப் வாங்கித் தரவே யோசித்த மனிதர் பெயரில் ஒரு லூகர் வந்து இறங்கியிருக்கிறது! கவுண்டர் பையன் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "அவரையே வரச் சொல்லுங்கள்" என்றான். அவர் காலமாகிவிட்டார் என்று சொன்னால் நிலைமை இன்னும் சிக்கலாகும் என்று வாயை மூடிக்கொண்டேன். வியாபாரி போன் செய்து முகவரியைத் திருத்திய பிறகுதான் கொடுத்தார்கள். பார்த்துத் திருப்பும் கெடு கையில் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு என்று அன்றே வியாபாரிக்கு ஒரு வரி எழுதிப் போட்டேன்.

துப்பாக்கியை மேசையில் வைத்துக் கழற்றினேன். எல்லா இலக்கமும் ஒத்துப்போயின. டிரிகரும் சேஃப்டியும் கறுநீலம். மவுசர் 1937 வாக்கில் சின்னப் பாகங்களுக்கு வைக்கோல் நிறம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. 1939 ஆண்டிட்ட லூகரில் டிரிகர் பொன்னிறமாக மின்னினால் யாரோ பிற்காலத்தில் மெருகேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதில் அந்தக் கோளாறு இல்லை. இறக்குமதி முத்திரையும் இல்லை. 1968 சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் இறக்குமதியாளர் பெயரைக் குத்தியாக வேண்டும். ஆகவே இது அதற்கு முன்பே வந்தது. ஏதோ ஒரு சிப்பாயின் பையில் வந்திருக்கலாம். ஆனால் போரில் கைப்பற்றியதற்கான சான்றிதழ் இல்லாதவரை அதற்காகக் கூடுதலாக ஒரு டாலர் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் உறையை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் ஷூ பாலிஷ் வாசம். பழைய தோலில் மண்ணும் எண்ணெயும் கலந்த வாடைதான் வரும். கறுப்பு விளக்கு, அதாவது புற ஊதா டார்ச், பத்து டாலர்கூட ஆகாது, அவசியம் வாங்கி வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டுத் தையலின் மேல் அடித்தேன். நூல் முழுக்க நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. போர்க்கால நூல் அப்படி ஒளிராது. பின்பக்கம் திருப்பினால் கழுகு முத்திரை, 1939 என்ற ஆண்டு, பக்கத்தில் தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு. இதுதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. 1939-இல் உறை செய்தவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் முழுசாகக் குத்தினார்கள். உறைகளில் அந்த எழுத்துக் குறியீடு 1941 வாக்கில்தான் வருகிறது.

இப்படிப்பட்ட உறைகள் பெரும்பாலும் நம் நாட்டில் கான்பூர் போன்ற தோல் ஊர்களில்தான் தயாராகின்றன. செய்பவர்கள்மேல் தப்பே இல்லை. போர்க்காட்சி நடிப்பவர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் புதுசு என்று சொல்லியே விற்கிறார்கள், வேலைப்பாடும் நன்றாக இருக்கும். நடுவில் ஒருவர் அதை டீத்தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் போட்டு, பத்து மடங்கு விலை வைக்கிறார். இந்தியாவில் பிறந்த உறையை ஒஹாயோவில் ஜெர்மன் விலைக்கு வாங்குவது எனக்கென்றே எழுதியிருந்தது போல.

மேகசின் இன்னும் நுணுக்கமான வேலை. முதல் மேகசின் அசல். கூட்டல் குறி போட்டதைப் பக்கத்தில் வைத்தால் அலுமினிய அடி ஒரு நூலளவு மெலிந்திருந்தது. பழைய எண்ணை அரத்தால் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது மேற்பரப்பில் அழுக்கு, குத்திய பள்ளத்துக்குள் மட்டும் புது வெள்ளி மினுக்கு. துப்பாக்கிச் சட்டகத்தில் இருக்கும் 7-இன் கால் வளைவு, இதில் நேர்க்கோடு.

அன்றிரவே போட்டோக்களோடு எழுதினேன். வியாபாரியின் முதல் பதில்: "எங்கள் நிபுணர் பார்த்தது." இரண்டாவது: "யாராவது பின்னாளில் ரிப்பேருக்காக மறுபடி தைத்திருக்கலாம்." சரி, அது நியாயமான வாதம்தான், ஒளிரும் நூலை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது. அதனால்தான் குறியீட்டு முரணைக் கடைசிவரை கையில் வைத்திருந்தேன். "1939 உறையில் 1941-இன் குறியீடு எப்படி வந்தது என்று உங்கள் நிபுணரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரே வரி. அதற்குப் பதில் வரவில்லை, பணம் வந்தது. மேகசினுக்கு மட்டும் பாதி தருகிறேன் என்று இழுத்தார்கள். பொருள்வாரியாகப் போட்ட பில்லைக் காட்டியதும் முழுதாகக் கொடுத்தார்கள். உறையும் மேகசினும் சட்டப்படி துப்பாக்கி இல்லை என்பதால் சாதாரணப் பார்சலில் திருப்பி அனுப்பியாயிற்று.

03 லைசென்ஸ்காரர் வைத்திருக்க வேண்டிய பதிவேட்டில் ஒரு கவனம். வாங்கிய விவரத்தை மறு வேலைநாள் முடிவதற்குள் எழுதிவிட வேண்டும். வியாபாரியின் பில்லில் எண்ணுக்குக் கீழே இருக்கும் எழுத்தை விட்டுவிட்டார்கள், தயாரிப்பாளர் என்ற இடத்தில் "லூகர்" என்று போட்டிருந்தார்கள். பத்தாயிரத்துக்கு ஒருமுறை எண் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த எழுத்து இல்லாவிட்டால் அதே ஆண்டில் அதே எண்ணோடு வேறு துப்பாக்கியும் இருக்கும். பில்லைப் பார்த்து எழுதாமல் துப்பாக்கியைப் பார்த்து எழுதுங்கள். ஏ.டி.எஃப் சோதனைக்கு வருவதாகச் சொன்னால், வீட்டுக்கு வேண்டாம், பதிவேட்டை உங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவருகிறேன் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

எண் ஒத்துப்போகும் லூகரைச் சுடலாமா என்று கேட்கிறார்கள். நான் சுடவில்லை. ஒரு எக்ஸ்ட்ராக்டர் உடைந்தால் அந்த இரண்டு இலக்கம் திரும்ப வராது. சுடும் இடத்துக்குப் பாகங்களின் எண் ஒத்துப்போகாத வேறொன்றைக் கொண்டுபோங்கள். அதே பையில் பிறகு ஊருக்குத் துணி அடைக்காதீர்கள். மூலையில் ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்குதான்.

இப்போது 1939 ஆண்டிட்ட உறை ஒன்று பேச்சில் இருக்கிறது. பின்பக்கப் போட்டோ தெளிவாக வராமல் பணம் அனுப்புவதாக இல்லை.