சிகரெட்டை விட்ட கையில் ஊசி: ஒட்டுப்போர்வை நாட்குறிப்பு

பிப்ரவரி 22 (சிகரெட்டை நிறுத்த இன்னும் 7 நாள்)

சிகரெட் நினைப்பு எழும்போதெல்லாம் கைக்கு வேலை கொடுக்கத்தான் இந்த ஒட்டுப்போர்வை, அதாவது குவில்ட். குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த முகப்பு, நடுவில் கதகதப்புக்கு ஒரு துணி, கீழே அடித்துணி. மூன்றையும் ஓட்டுத் தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போகும் தையல், சேர்த்துப் பிடிக்கிறது. எதற்கும் புதுத் துணி வேண்டாம். ஒரு பெரியவர் சட்டையின் முதுகுப் பக்கம் மட்டும் 5 அங்குலச் சதுரம் 12 தரும். முன்பக்கமும் கைகளும் சேர்ந்து இன்னும் எட்டு. இந்தப் போர்வைக்கு 80 சதுரம் வேண்டும். நான்கு சட்டை போதும், ஐந்து இருந்தால் நிதானமாக வெட்டலாம். நடு அடுக்குக்குப் பழைய மெல்லிய பருத்திப் போர்வை, அடியில் துவைத்துத் துவைத்து இளகிய படுக்கை விரிப்பு. நெருக்கமாக நெய்த புது விரிப்பில் கைஊசி இறங்காது, விரல்தான் புண்ணாகும்.

வாங்க வேண்டியவை ஊசி, பருத்தி நூல், ஊக்கு, விரலுறை. இவ்வளவுதான்.

துணியை இரு கட்டைவிரலுக்கு நடுவே பிடித்து இழுத்துப் பாருங்கள். நெகிழ்ந்தாலோ கிழிந்தாலோ தள்ளிவிடுங்கள். முழங்கை, அக்குள், கழுத்துப்பட்டி இங்கெல்லாம் துணி செத்துப் போயிருக்கும். டி-ஷர்ட் துணி இழுபடும், ஜீன்ஸ் கனம். முதல் போர்வையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

எல்லாவற்றையும் இன்றே துவைத்துக் காயப்போட வேண்டும். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு. புகைப்பவர் வீட்டுத் துணியில் நிகோடினும் வாடையும் படிந்திருக்கும். மூன்றாம் நாள் மடியில் விரித்ததும் அந்த வாடையே சிகரெட்டை நினைவுபடுத்தும்.

பிப்ரவரி 25

அளவெடுப்பதும் வெட்டுவதும் நிறுத்தும் நாளுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் வாரத்தில் கவனம் சிதறும், எரிச்சல் வரும், சிலருக்குக் கை நடுங்கும். அப்போது வெட்டிய சதுரம் சதுரமாக இருக்காது. வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

கெட்டி அட்டையில் 5 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அதன் அடியில் உப்புத்தாள் துண்டை ஒட்டினால் துணியில் வழுக்காது. அட்டையின் ஓரம் தேயும். இருபது சதுரத்துக்கு ஒரு முறை அளந்து பார்த்து மாற்றுங்கள். சதுரத்தின் பக்கங்கள் நெய்த இழையோடு நேராகப் போக வேண்டும். கோணலாக வைத்து வெட்டிய ஓரம் இழுபட்டு அலை அலையாக நிற்கும்.

ஒவ்வொரு துண்டின் உள்பக்கமும் ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பென்சில் கோடு. தையல் அந்தக் கோட்டில்தான் ஓடும். தைத்தபின் 5 அங்குலம் 4½ ஆகும். குறுக்கே 8, நீளவாக்கில் 10 வைத்தால் 36-க்கு 45 அங்குலம். மடியில் போர்த்திக்கொள்ளும் அளவு.

பிப்ரவரி 28

எட்டு எட்டாகப் பத்து வரிசையைத் தரையில் பரப்பி, நிறம் பிடித்தபடி அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண் சீட்டு. இரண்டிரண்டு துண்டை முகத்தோடு முகம் (வெளியே தெரிய வேண்டிய பக்கங்கள் உள்ளே இருக்க) வைத்துக் குண்டூசி குத்தி ஒரு டப்பாவில் போடுங்கள். ஊசிகளில் நூலும் இன்றே கோத்து வைக்க வேண்டும், பத்து ஊசியாவது. கை நமநமக்கும் நேரத்தில் ஊசிக் காதைத் தேடுவது முடியாத காரியம்.

சிகரெட்டுக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ மெல்லும் நிகோடின் கம்மோ எடுப்பவர்கள் அதையும் இன்றே வாங்கி வையுங்கள். நாளுக்குப் பத்துக்கு மேல் புகைத்தவருக்கு வழக்கமாக 21 மி.கி. பட்டையில் தொடக்கம். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. கம், மற்றவருக்கு 2. இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சாம்பல் கிண்ணம், லைட்டர், மிச்சப் பாக்கெட் எல்லாம் இன்று இரவே வீட்டை விட்டு வெளியே.

மார்ச் 1 (நாள் 1)

சிகரெட் நினைப்பு ஒரு தடவை எழுந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். 4½ அங்குலத் தையல் ஒன்றுக்கு, அங்குலத்துக்கு எட்டு என்றால், 36 ஊசிக் குத்து. புதிதாகத் தைப்பவருக்கு அதுவும் ஏறக்குறைய ஐந்து நிமிடம். எனவே கணக்கு எளிது: நினைப்பு எழுந்தால் டப்பாவைத் திற, ஒரு தையல் முடி, பிறகு யோசி. பத்து வரிசையிலும் சேர்த்து இப்படி 70 தையல் இருக்கிறது. இரண்டு கையும் வேண்டிய வேலை என்பதுதான் இதன் பலம்.

மார்ச் 3 (நாள் 3)

பெரும்பாலோருக்கு இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். இன்று நேர்த்தியான தையலை எதிர்பார்க்காதீர்கள். மிச்சச் சட்டைகளின் பொத்தான்களை வெட்டிச் சேர்ப்பது, மடிப்புத் தையலைப் பிரிப்பது, இஸ்திரி போடுவது, இவை போதும். கை ஓடிக்கொண்டே இருக்கும், பிழைக்கு இடமில்லை.

காபியைப் பாதியாகக் குறையுங்கள். புகையிலுள்ள தார், கல்லீரல் காஃபினை உடைக்கும் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். நிறுத்தியதும் அந்த வேகம் இறங்கும். பழைய அளவே குடித்தால் காஃபின் ரத்தத்தில் தங்கி, கை நடுக்கமும் தூக்கமின்மையும் வரும். பலர் இதை நிகோடின் இல்லாத குறை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இதைக் கிளப்புவது தார்தான், நிகோடின் அல்ல. ஆகவே பட்டை ஒட்டியிருந்தாலும் இது நடக்கும்.

கம்மை மிட்டாய் போல மெல்லக் கூடாது. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்தோரம் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி. வேகமாக மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். கம் போடுவதற்குக் கால் மணி முன்னிருந்தே காபி, பழச்சாறு கூடாது. புளிப்பு நிகோடினை வாயில் ஏறவிடாது.

மார்ச் 6 (நாள் 6)

கை சற்று நிலைப்படும். நூல் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நீளம் கூடினால் முறுக்கிச் சிக்கும், துணியில் உரசித் தேயும். கோட்டின் தொடக்கத்தில் ஒரு பின்தையல் (ஊசியை ஒரு குத்து பின்னால் கொண்டுபோய்ப் போடுவது), நடுவில் அங்குலத்துக்கு ஒன்று, முடிவில் இரண்டு. வெறும் ஓட்டுத் தையல் மட்டும் போட்டால் ஒரு இடத்தில் அறுந்த நூல் முழுத் தையலையும் உருவிக்கொண்டு போகும்.

பின்பக்கம் திருப்பிப் பார்த்தீர்களா? அங்கேயும் தையல் கோட்டின் மேல்தான் இருக்க வேண்டும். முன்கோட்டை மட்டும் பார்த்துத் தைப்பதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு தையலில் 1/16 அங்குலம் கூடுதலாகத் தின்றால் இரண்டு துண்டிலும் சேர்த்து 1/8 போகும். ஒரு வரிசையில் ஏழு தையல். 7/8 அங்குலம் குறைந்த வரிசை பக்கத்து வரிசையோடு பொருந்தாது. வரிசை முடிந்ததும் அளந்து பாருங்கள். 36½ வர வேண்டும்.

மார்ச் 12 (நாள் 12)

வரிசைகளை இணைப்பது. ஒற்றைப்படை வரிசைகளின் தையல் மடிப்பை வலப்பக்கமும் இரட்டைப்படையை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், நாற்சந்தியும் நேராக விழும். முதலில் சந்திகளில் குண்டூசி, பிறகே இடைவெளிகளில். இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள். தேய்த்து இழுத்தால் சதுரம் கோணும்.

மார்ச் 19 (நாள் 19)

தடுக்கி ஒன்று புகைத்துவிட்டால், அந்த நாளை மறுபடி பூஜ்யம் என்று எழுதாதீர்கள். எந்த நேரம், யாரோடு, என்ன செய்துகொண்டிருந்தபோது என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் நனைத்துக் குப்பையில் போடுங்கள். கோணிய தையலைப் பிரிப்பதுபோல்தான். அந்த ஒரு தையலை மட்டும் பிரிக்கிறோம், போர்வையை அல்ல. குறித்த நேரம் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் நாளை முதல் டப்பா சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மார்ச் 28 (நாள் 28)

அடித்துணியும் நடு அடுக்கும் முகப்பைவிட நாலு பக்கமும் 2 அங்குலம் பெரிதாக, அதாவது 40½-க்கு 49½. அடித்துணியை முகம் கீழாகத் தரையில் விரித்து ஓரத்தை நாடாவால் ஒட்டுங்கள். விறைப்பாக இருக்க வேண்டும், இழுபட்டு இருக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் நாடாவை எடுத்ததும் சுருங்கி, பின்புறம் சுருக்கம் விழும். நடுவிலிருந்து வெளியே நாலு அங்குலத்துக்கு ஒரு ஊக்கு. ஊக்கு போதவில்லை என்றால் பெரிய தையலில் நூலோட்டினாலும் போதும்.

ஏப்ரல் 12 (நாள் 43)

ஆறு வாரம் முடிந்தால் 21-லிருந்து 14 மி.கி. பட்டைக்கு இறங்கும் நாள். இரண்டு வாரம் அது, பிறகு இரண்டு வாரம் 7. நன்றாக இருக்கிறதே என்று இடையில் தாமாகவே நிறுத்துவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

மூன்று அடுக்கையும் சேர்க்கும் குவில்ட் தையலுக்கு ஊசி குட்டையானது, 9-ஆம் எண். முடிச்சை வெளியே விடக் கூடாது; நூலைச் சற்றுச் சுண்டி இழுத்தால் முடிச்சு முகப்புக்குள் நுழைந்து நடு அடுக்கில் தங்கும். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் தளர்வெல்லாம் நடுவில் கூடிப் பொங்கும்.

ஏப்ரல் 26 (நாள் 57)

தனி ஓரப்பட்டி வெட்டத் தேவையில்லை. நடு அடுக்கை முகப்பின் அளவுக்கும், அடித்துணியை அதைவிட நாலு பக்கமும் 1 அங்குலம் பெரிதாகவும் கத்தரியுங்கள். இரண்டு துணியும் சேர்ந்து கிடப்பதால் கத்தரியின் அடிநுனி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வெட்டுங்கள். அரை அங்குலம் மடித்து, இன்னொரு அரை அங்குலம் முகப்பின் மேல் மடித்து, நூல் வெளியே தெரியாத மறைதையல். மூலையில் முதலில் நுனியை உள்ளே மடித்துவிட்டுப் பக்கங்களை மடித்தால் கோணம் சேர்ந்து வரும்.

முதல் துவையல் குளிர்ந்த நீரில். ஈரப் போர்வையைக் கொடியில் தொங்கவிடாமல் பரப்பிக் காயவையுங்கள். நீரின் கனம் கைத்தையலை அறுத்துவிடும்.