பெரியப்பாவின் கல்வெட்டுப் படம்

பெரியப்பாவின் கல்வெட்டுக்கு, அதாவது ஆள் செத்த பிறகு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு, படம் கிடைத்துவிட்டது. ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல். இன்று காலையும் சைக்கிளில் சுன்னாகம் சந்தைக்குப் போய், முருங்கைக்காய் விலைக்குச் சண்டை பிடித்து, வென்று, அதே சைக்கிளில் திரும்பி வந்திருக்கிறார். கனடாவில் ஸ்காபரோவிலிருந்து அவருடைய மகன், எங்கள் அண்ணா, நடுச்சாமத்தில் அழைத்து, "அப்பாவுக்கு என்ன வருத்தம்? ஏன் என்னிடம் மறைக்கிறீர்கள்?" என்று அழுகிறார். பின்னால் நின்று மச்சாள் விமான டிக்கெட்டுக்கு விலை பார்க்கிறார். எல்லாம் என்னுடைய சித்திர வகுப்பால் வந்த வினையாம்.

வகுப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை பின்னேரம், சனசமூக நிலையத்தில், கரம் போர்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நடப்பது. பிள்ளைகளுக்கென்றுதான் தொடங்கினேன். கூட்டிவந்த தாய்மார் வெளி வாங்கில் இருந்து கதைத்த கதையில் உள்ளே பிள்ளைகளுக்குக் கோடு நேராக வரவில்லை. வாயை அடைக்கலாம் என்று ஆளுக்கொரு டிமைத் தாளும் 4பி பென்சிலும் கொடுத்து உள்ளே இருத்தினேன். இப்போது அதே கதையை உள்ளே இருந்து கதைக்கிறார்கள். கூடவே என் பென்சிலும் தேய்கிறது. அவர்களைப் பார்த்து ஓய்வூதியக்காரர்கள் வந்தார்கள். மகளை இறக்கிவிட வந்த ஓட்டோ அண்ணையும் தங்கிவிட்டார். யாராவது சவாரிக்குக் கூப்பிட்டால், "கொஞ்சம் பொறுங்கள், நிழல் போட்டு முடிக்கிறேன்" என்கிறார். ஒரு தாய் மட்டும் ஒவ்வொரு கிழமையும் தவறாமல் கேட்பார்: "ரீச்சர், இது புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருமா?"

பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒன்றாக இருத்துவது பைத்தியக்காரத்தனம் என்று நிலையத் தலைவர் சொல்லும்போதெல்லாம் நான் எஸ். ஆர். கனகசபையைத் துணைக்கு இழுப்பேன். இதே யாழ்ப்பாணத்தில் 1938 இல் வின்சர் ஆட் கிளப் என்ற ஓவியக் கழகத்தைத் தொடங்கியவர். பிறகு ஓவியர் குருநகர் மாற்கு மாஸ்டர் விடுமுறைக்கால ஓவியர் கழகம் வைத்து எத்தனை பேரைக் கீற வைத்தார் என்றும் சொல்வேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர்கள் மின்சாரக் கட்டணம் கட்டினார்களா?" என்பார்.

வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. மலை. ஐந்து வயதுக்காரனாக இருந்தாலும் ஓய்வுபெற்ற தபால் அதிபராக இருந்தாலும், "விரும்பியதைக் கீறுங்கள்" என்று சொன்னால் போதும்: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அடியில் வளைந்து வரும் ஆறு, ஒரு குடில், சரிந்த தென்னை, நாலு காக்கை. யாழ்ப்பாணத்தில் எங்கே மலை இருக்கிறது? முழுக் குடாநாடும் சுண்ணாம்புக் கல்லின் மேல் தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது. கீரிமலைக்குப் போனாலும் ஏறுவதற்கு ஒன்றுமில்லை, கேணிக்குள் இறங்கத்தான் வேண்டும். ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறு; மாரிக்கு ஆறு, மற்றக் காலத்தில் மாடு மேயும் இடம். ஆனால் என் வகுப்பில் எழுந்த மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இலங்கையிலேயே உயரமான மலையான பிதுருதலாகல வெட்கத்தில் கூனிப்போகும். "கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் கீறுங்கள், பனையைக் கீறுங்கள், கதியால் வேலியைக் கீறுங்கள்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கீறினார்கள். மலை உச்சியில் பனை, அதைச் சுற்றிக் கதியால் வேலி. கடைசியில், மலை கீறுபவர்களுக்குத் தின்னப் பணிஸ் கிடையாது என்று சட்டம் போட்டேன். ஒரு பொடியன் முக்கோணமாக இரண்டு முகில் கீறிப் பணிஸ் வாங்கிப் போனான். அவன் சட்டத்தரணியாக வருவான்.

இந்தச் சனிக்கிழமை வழக்கமாக வைக்கும் செப்புக் குடத்தை யாரோ கலியாண வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூலையில் பெரியப்பா பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை இரண்டாம் தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். குடம் இல்லாவிட்டால் என்ன, பெரியப்பா இருக்கிறாரே என்று அவரைப் பிடித்து முன்னால் இருத்தினேன்.

கண் தலையின் சரிபாதியில் இருக்கும் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. எல்லோரும் கண்ணை நெற்றியில் வைத்துத்தான் கீறுவார்கள்; தலைமயிரும் தலையில் சேர்த்தி என்பது யாருடைய நினைவுக்கும் வராது. எங்கள் பழைய கணக்கு மாஸ்டர் அடிமட்டத்தோடு எழுந்து போனார். பெரியப்பாவின் உச்சியிலிருந்து நாடிவரை அளந்து, இரண்டால் வகுத்தார். கண் அங்கேதான் இருந்தது. "இவருக்குச் சரி. மற்றவர்களுக்கு?" என்று வரிசையாக அளக்கத் தொடங்கினார். மாமியின் கொண்டையைச் சேர்ப்பதா விடுவதா என்று விவாதம் எழுந்தது. அரை மணித்தியாலம் அதிலேயே போனது.

பிறகு கீறினார்கள். பிள்ளைகள் பெரியப்பாவின் காது மயிரை ஒன்று விடாமல் கீறினார்கள். பெரியவர்கள் சுருக்கங்களையெல்லாம் அழிறப்பரால் துடைத்து, ஆளை இருபது வருடம் பின்னால் அனுப்பினார்கள். ஓட்டோ அண்ணை கீறிய முகத்தைப் பார்த்தால் பெண் கேட்டு வருவார்கள். பெரியப்பா எல்லாவற்றையும் கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் பார்த்து, ஒவ்வொன்றாகத் தள்ளினார். அப்போதுதான் விடயம் வெளியே வந்தது: மனிதர் தன் கல்வெட்டுக்குப் படம் தேடுகிறார்.

அவருடைய ஆயத்தம் உங்களுக்குத் தெரியும். வாழ்க்கை வரலாறு எழுதித் திருத்தியாகிவிட்டது. வம்சாவளி, சித்தப்பாவோடு காணி வழக்கு இருந்தபோது ஒருமுறை, சமாதானமான பிறகு ஒருமுறை என்று இரண்டு விதமாகத் தயார். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவில் திதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறார். முதல் பக்கத்துக்குப் படம்தான் இல்லை. 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அல்பமா அரிசியா என்று பார்த்து அரிசியைத் தூக்கிய குடும்பம். மிஞ்சியது அடையாள அட்டைப் படம். அதைப் பத்திரிகையில் போட்டால் அயலவர்களே பொலிசுக்குத் துப்புக் கொடுப்பார்கள்.

பெரியம்மாவை நான் கீறச் சொல்லவில்லை. பிளாஸ்கில் தேநீரும் தட்டைவடையும் கொண்டுவந்தவர், ஒரு தாள் சும்மா கிடப்பதைக் கண்டு, வீணாகிவிடுமே என்று இருந்துவிட்டார். குனிந்த தலை நிமிரவில்லை.

"பெரியம்மா, ஆளைப் பார்த்துக் கீற வேண்டும்."

"கலியாணம் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். இனிப் பார்த்து என்ன புதிதாகத் தெரியப்போகிறது?"

முடியும்போது எட்டிப் பார்த்தேன். எனக்கு இரத்தம் கொதித்தது. இரண்டு மலை. நடுவில் சூரியன். ஆறு. வீடு. சரிந்த தென்னை. அவற்றுக்கு முன்னால் ஒரு மனிதர்.

"இந்த மலை எங்கே இருக்கிறது பெரியம்மா?"

"நமுனுகுல."

"என்ன?"

"நமுனுகுல, பிள்ளை. குவாட்டர்ஸ் வாசலில் நின்றால் தெரியும். விடிய முகில் மூடியிருக்கும். இவர் கச்சேரிக் கந்தோருக்கு வெளிக்கிடும் நேரத்துக்குத்தான் திறக்கும்."

"அப்போது ஆறு?"

"பதுளு ஓயா."

"வீடு?"

"அதுதான் குவாட்டர்ஸ். கூரை தகரம். மழை பெய்தால் கதைக்க முடியாது."

"தென்னை?"

"அது சும்மா. வடிவுக்கு."

அந்த மனிதருக்குத் தலை நிறைய மயிர், இடப்பக்கம் வகிடு. சட்டைப் பையில் இரண்டு பேனை. ஒன்றுக்குப் பக்கத்துப் பிள்ளையிடம் இரவல் வாங்கிச் சிவப்பு நிறம் தீட்டியிருந்தார். பெரியப்பா மலைநாட்டில், பதுளைக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த காலம். 1983 ஆடிக் கலவரத்தில் விட்டு வந்த பிறகு அந்த ஊரின் பெயரை இந்த இரண்டு பேரும் வாயால் எடுத்து நான் கேட்டதில்லை.

பெரியப்பா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மயிர் இதைவிட அடர்த்தியாக இருந்தது."

"எண்ணெய் வைத்தால் இவ்வளவுதான்."

"சிவப்புப் பேனை வலப்பக்கம் வைப்பேன்."

"இடப்பக்கம். தோய்த்தது நான்தானே, எந்தப் பக்கம் மை ஊறியிருந்தது என்று எனக்குத் தெரியாதா?"

கணக்கு மாஸ்டர் அடிமட்டத்தை வைத்துப் பார்த்து, கண் பாதியில் இல்லை, நெற்றியில் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். "அந்த வயதில் அப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா தாளைச் சுருட்டிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார். தட்டைவடைகூட எடுக்கவில்லை.

நேரே கே. கே. எஸ். வீதியில் உள்ள பிரதி எடுக்கும் கடைக்குப் போயிருக்கிறார். கல்வெட்டு அளவுக்குச் சிறிதாக்க வேண்டும் என்றிருக்கிறார். "எப்போது நடந்தது ஐயா?" என்று கடைப் பொடியன் துக்கமாகக் கேட்க, "இன்னும் இல்லை" என்றிருக்கிறார். பொடியன் அதில் முதல் பாதியை மட்டும் ஊருக்குச் சொல்லிவிட்டான். இரவு துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் படலையில் நின்று வரவேற்றவர் பெரியப்பாவேதான். ஒருவர் அவரிடமே, "எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டாராம்.

இப்போது என் பாடு சொல்லி மாளாது. அயலில் எழுபது தாண்டிய எல்லோருக்கும் கல்வெட்டுப் படம் வேண்டும். மூத்த மாமி காஞ்சிபுரத்தோடு வந்து இருக்கிறார். நகை வெளிநாட்டில் மகளிடம் இருக்கிறதாம், அதையும் போட்டுக் கீற வேண்டுமாம். தலைவர் தலைக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கினால் மின்சாரக் கட்டணத்துக்கு ஆகும் என்கிறார். பிள்ளைகளோ முழு ஊர்வலமாக மலைக்குத் திரும்பிவிட்டார்கள். கேட்டால் ஒரே பதில்: "ரீச்சர், இது நமுனுகுல." முக்கோண முகில் கீறியவன் ஒருபடி மேலே போய், பிடித்துவைத்திருந்த பணிஸ்களை வட்டியோடு கேட்கிறான்.

தாளும் முடிகிறது. நேற்றுப் பெரியப்பாவும் வந்து இரண்டு தாளும் ஓர் அழிறப்பரும் எடுத்துப்போனார். பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டாமாம்.

அடுத்த சனிக்கிழமை ஆளும் இல்லை, மலையும் இல்லை, இரண்டு கத்தரிக்காயும் ஒரு பூசணித் துண்டும்தான் என்று நிலையக் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன். வகுப்பு முடிந்த பிறகு அந்தக் கத்தரிக்காய் யாருக்கு என்று மாமி இப்போதே கேட்டு அனுப்பியிருக்கிறார்.