சங்கக் கட்டடத்தில் யப்பான்காரன் கதை

முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் விழிப்புணர்வு வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் தந்த பதாகைகளில் ஒன்று யப்பான் முதலான நாடுகளின் திமிங்கில வேட்டை பற்றியது. அலம்பில், நாயாறு, கொக்குத்தொடுவாய் என்று கடற்றொழிலாளர் சங்கம் சங்கமாகப் போய் அதைக் கொழுவிவிட்டுக் கதைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் திமிங்கிலம் பிடிக்கிறவர்கள் இல்லை. அதை யார் யோசித்து அச்சடித்தார்களோ தெரியாது.

சம்மாட்டி ஒருவர், கரைவலைச் சொந்தக்காரர், நேராகவே கேட்டார்: "தம்பி, டைனமைற் அடிக்கிறவனையும் லைற் போட்டுப் பிடிக்கிறவனையும் உங்களாலை மறிக்க ஏலேல்லை. யப்பான்காரன்ரை கதையை ஏன் எங்களுக்குச் சொல்லுறியள்?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் கதை தொடங்கினால் ஒருவரும் எழும்பிப் போகமாட்டார்கள். உடம்புக்குள் போய் வெடிக்கும் ஈட்டியை 19ஆம் நூற்றாண்டில் ஒரு நோர்வேக்காரர் பீரங்கியில் பூட்டியது, 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டது எல்லாம் சொல்வேன். 1982இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்து, 1986இல் அது நடைமுறைக்கு வந்தது. நோர்வே ஆட்சேபம் எழுதிவைத்ததால் அந்த முடிவு அதைக் கட்டுப்படுத்தாது. யப்பான் 'ஆராய்ச்சி' என்று சொல்லி அந்தாட்டிக் கடலில் பிடித்தது. அது ஆராய்ச்சிக்கான வேட்டை இல்லை என்று 2014இல் சர்வதேச நீதிமன்றம் தீர்த்தது. 2019இல் யப்பான் ஆணைக்குழுவை விட்டே விலகித் தன் கடலில் வெளிப்படையாகப் பிடிக்கத் தொடங்கியது. 2024இல் புதுத் தாய்க்கப்பலும் இறக்கிவிட்டது.

"அப்ப விலகினவனுக்குச் சட்டம் இல்லையோ?" என்றான் ஒரு பெடியன். அந்தத் தடை அவனைக் கட்டாது என்றேன். "இஞ்சை முறை தப்பிப் பாட்டிலை வலை வளைச்சால் அண்டைக்கே வாடியைப் பிரிச்சுப்போடுவம்" என்றார் சம்மாட்டி. பாடு என்பது கரைவலை வளைக்க ஒதுக்கிய கரைத்துண்டு; வாடி, கரையில் போடும் கொட்டில். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

என் கணிப்பு இதுதான்: திமிங்கில எண்ணெய்க்குப் பதிலாக மண்ணெண்ணெயும் தாவர எண்ணெயும் வந்து, திமிங்கிலமும் அருகி, தொழிலில் காசு குறைந்த பிறகுதான் பெரும்பாலான நாடுகளுக்குத் தடை சுலபமாயிற்று. அதற்காகத் தடை வீண் என்று சொல்லமாட்டேன். கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் பல கடல்களில் திரும்பப் பெருகியிருக்கின்றன. எங்கள் இந்து சமுத்திரத்தையே 1979இல் சரணாலயமாக்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற பாய்ப்படகில் வந்தவர்கள் திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். சண்டை வந்ததும் அதுவும் நின்றது.

ஒரு வாடைக்காலம் முடிய, கரையில் ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. தோல் உரிந்து வெளுத்துப்போய், காற்றுப்பக்கம் நிற்க முடியாத நாற்றம். வாலடியில் நைலோன் கயிறு அறுத்த பள்ளம், என் இரண்டு விரல் உள்ளே போகும். கயிறு இன்னும் அதிலேயே இருந்தது, பாசி பிடித்து. வனசீவராசிகள் உத்தியோகத்தர் அளந்து முடிக்கும்வரை, கிடங்கு வெட்டும் பெக்கோ இயந்திரம் காத்து நின்றது. கூடி நின்றவர்களுக்கோ, வாசனைப் பொருளாய் நல்ல விலைபோகும் அம்பர் இருக்குமா என்பதுதான் கவலை. வாயில் பல்லில்லை, தும்புபோல் தொங்கியது. அம்பர் பல்லுள்ள எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாவது என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை.

அதற்குப் பிறகு யப்பானைச் சுருக்கிவிட்டு, வலையையும் கப்பலையும்தான் கூடக் கதைக்கிறேன். தெற்கே தெய்வேந்திரமுனைப் பக்கம் கப்பல் மோதித் திமிங்கிலங்கள் சாகின்றன. எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களின் பாதையை இன்னும் தெற்கே தள்ளியது. வலை அப்படித் தள்ளக்கூடியதா? சட்டப்படி ஓங்கிலும் (டொல்பின்) திமிங்கிலமும் பாதுகாக்கப்பட்டவை. வலையில் பட்டால் வலையை வெட்டி அதைப் போகவிடுங்கள் என்கிறோம்.

"வெட்டுறம். வலைக்காசு ஆர் தருவினம்?"

இதை ஒரு கூட்டத்தில் மேலிடத்திடம் கேட்டேன். புயல் சேதப் படிவத்தில் நிரப்பித் தரச் சொன்னார்கள். வாங்கிப் பார்த்தால், முதல் கேள்வியே புயல் அடித்த திகதி.